பன்னிரண்டாம் நாள்

ஒரு நாளுக்கு ஒரே படம்.
கிள்ளானில் பெட்டி கட்டும்போதே
எனக்கு நான் போட்டுக்கொண்ட விதி.
மூன்று வாரம், இருபத்தோரு படம்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி.
கூடவே அறுநூறு மூக்குக் கண்ணாடிகள்,
கிட்டப் பார்வைக்கு.
பெட்டியின் எடை முழுக்க அதுதான்.

முதல் நாள்:
சீமைக் கருவேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீலம்.
‘கடல்’ என்று எழுதினேன்.
மறுநாள் நடந்துபோய்ப் பார்த்தால்
யாரோ காயப்போட்ட தார்ப்பாய்.
அழிக்கவில்லை. விதி.

களிமண்குண்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாதான்
எங்கள் கண் ஆஸ்பத்திரி.
சுவரில் எழுத்து அட்டை, உச்சியில் பெரிய ப.
எழுத்துத் தெரியாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்று
நான் விழித்துக்கொண்டிருக்க
இருளாயி சொன்னாள்:
“மூடி இல்லாத பெட்டி.
அதுக்குக் கீழ, கால் ஒடிஞ்ச நாற்காலி.”
சரி என்று குறித்துக்கொண்டேன்.

“பசியாறியாச்சா?” என்று
காலையில் ஜுலைகா கேட்டது
என் வீட்டுச் சொல்.
அதைப் படம் எடுக்க முடியவில்லை.
இடியாப்பத்தை எடுத்தேன்.

பாசிக்குப் போகும் பெண்கள்
விரலுக்கெல்லாம் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.
பாறையில் இருப்பதைக் கை அறியும்.
கரைக்கு வந்து
கஞ்சிப்பாசி வேறு, மரிக்கொழுந்து வேறு என்று
ஆயும்போதுதான் கண் வேண்டும்.
கண்ணாடியைப் போட்டதும்
இருளாயி பாசியைப் பார்க்கவில்லை.
தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.
“இத்தனை வெட்டா?”
அது ஐந்தாம் நாள்.
‘பார்வை திரும்பியது’ என்று எழுதிவிட்டுக்
கொஞ்சம் பெருமையாகத் தூங்கினேன்.

பதினான்காம் நாள் ராத்திரி கரண்ட் இல்லை.
நாலைந்து பேர் என் போனைக் கேட்டு வாங்கி,
புதுக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று இடிக்க,
முதலிலிருந்து பார்த்தார்கள்.
ஒன்பதாவது வரை படித்த நாகஜோதி வரிகளை வாசித்தாள்.

‘காத்திருக்கும் மனைவி’ —
“காத்திருக்கலை. வட்டிக் காசு கேக்க நிக்கிறா.”
‘சோகம்’ —
“பல்லு வலி.”
‘மீன்வலை’ —
“அது கோழி தாண்டாம இருக்கக் கட்டினது.”
‘பார்வை திரும்பியது’ —
இருளாயி நிமிர்ந்தாள்.
“எங்க போச்சு, திரும்பி வர?”

வரிகளைத் திருத்தக் கூடாது என்று
விதியில் இல்லை.
திருத்திக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டில் விரல் நின்றது.
வெறும் கறுப்பு. எண் மட்டும்.

அன்று நாகஜோதியின் தம்பி போன வள்ளம்
சாயங்காலம் வரவில்லை.
பதினோரு மணி வரை
ஊரே கரையில் நின்றது,
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டபடி.
நானும் நின்றேன். போன் பையில்.
எடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றேதான்.
கடைசியில் வந்தார்கள்,
மோட்டார் கெட்டு, போர்வையைப் பாயாகக் கட்டி, நாலு பேரும்.
ஒருவன் வாந்தி எடுத்தான்.
எல்லோரும் சேர்ந்து அவர்களைத் திட்டினார்கள்.

“இது ஏன் சும்மா கிடக்கு?”
மனசு வரலை என்றேன்.
நல்ல பிள்ளை என்று சொல்வார்கள் என
எதிர்பார்த்தேன்தான், மறைப்பானேன்.
நாகஜோதி கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்தாள்.
“எடுத்திருக்கலாம்ல.
மேலத்தெருவும் கீழத்தெருவும்
ஒண்ணா நின்ன நாள்
எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.”

பிறகு அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.
இடது ஓரத்தில் யார், அவள் பக்கத்தில் யார்.
சீனியம்மா மணலில் என்றாள் ஒருத்தி.
இல்லை, முழங்கால் தண்ணியில் என்றாள் இன்னொருத்தி.
கறுப்புக்குக் கீழே
வரி நீண்டுகொண்டே போனது.
கரண்ட் வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

“நான்?” என்றேன்.

“நீயா? ஐஸ் பெட்டி ஓரமா.
செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு.”

செருப்பு எனக்கு நினைவில்லை.
எழுதிக்கொண்டேன்.